பேயைப் பரண் மேல் வைக்காதீர்கள்

தறி, பாவு, பழைய ஆரணி என்று எழுதிக்கொண்டிருந்தவன் இந்த வாரம் பேயைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுபதைத் தாண்டியவனுக்குப் பேய் பயம் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். இது குழந்தைகளின் புத்தகங்களைப் பற்றிய விஷயம். எங்கள் வீட்டில் நடந்ததிலிருந்தே தொடங்குகிறேன்.

மே மாத விடுமுறைக்குச் சென்னையிலிருந்து பேத்தி வந்திருந்தாள். பத்து வயது. ஐந்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். வந்த இரண்டாம் நாளே ஊஞ்சலில் உட்கார்ந்து ஓர் ஆங்கிலப் புத்தகத்தில் மூழ்கிவிட்டாள். சாப்பிடக் கூப்பிட்டால் "ஒரே ஒரு பக்கம் தாத்தா" என்றாள். ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு இதைவிட இனிமையான வார்த்தை உண்டா? நான் குளிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் மருமகள் என்னிடம் வந்தாள்.

"மாமா, நீங்களாவது சொல்லுங்க. ராத்திரி பாத்ரூம் போகக்கூட என்னை எழுப்பறா. லைட்டை அணைக்க விடமாட்டேங்கறா. எல்லாம் அந்தப் பேய்ப் புத்தகம் பண்ற வேலை."

அன்று மாலை என் மகன் அந்தப் புத்தகத்தை வாங்கிப் பரண் மேல் வைத்துவிட்டான். "இதெல்லாம் படிக்கிற வயசா? அறிவை வளர்க்கிற மாதிரி ஏதாவது படி" என்றான். பேத்தி அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்தாள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. டிவியில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று நினைக்கிறீர்கள்? காஞ்சனா! வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து சிரித்துக்கொண்டும் கத்திக்கொண்டும் பார்த்தார்கள். 2011ல் வந்த படம், எத்தனையாவது முறையோ. அதற்கு யாரும் தடை போடவில்லை.

அப்போது நான் வாயைத் திறக்கவில்லை. பிள்ளையை வளர்ப்பவர்கள் அவர்கள். நடுவில் புகுந்து பேசினால் வீட்டில் சண்டைதான் வரும். ஆனால் இரவு எல்லோரும் தூங்கிய பிறகு ஸ்டூல் போட்டு அந்தப் புத்தகத்தை இறக்கினேன். "இந்த வயசுல பரண் ஏறி இடுப்பை ஒடிச்சுக்கணுமா?" என்று என் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு இரவுகளில் படித்து முடித்தேன். ஒரு பழைய வீட்டுக்குக் குடிவருகிற குடும்பம். மாடியில் நடமாடும் ஒரு சிறுமியின் ஆவி. அவளுக்கு என்ன நேர்ந்தது என்று அந்த வீட்டுப் பிள்ளைகள் கண்டுபிடிக்கிறார்கள். அவ்வளவுதான் கதை. படித்து முடித்தபோது எனக்குப் பயமே வரவில்லை. யாராலும் கண்டுகொள்ளப்படாத அந்தச் சிறுமிக்காக மனசு கனத்தது.

இப்போது என் கருத்தைச் சொல்கிறேன். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு, பதின்மூன்று வயது வரை உள்ள பிள்ளைகளுக்குப் பேய்க்கதை வேண்டும். தடுக்கக் கூடாது. நல்ல பேய்க்கதையாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு கூட இருக்க வேண்டும். இந்த முடிவுக்கு நான் சுலபமாக வந்துவிடவில்லை. இதில் எனக்கு ஒரு பழைய கடன் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

எங்கள் தலைமுறையில் யார் பேய்க்கதை கேட்காமல் வளர்ந்தோம்? புதுப் பாவைப் பழைய பாவோடு பிணைக்கும் நாள் ஞாபகம் இருக்கிறதா? ஆயிரக்கணக்கான இழைகள். ஒவ்வோர் இழையாக எடுத்து, விரலில் சாம்பல் தொட்டுத் திரிக்க வேண்டும். எங்கள் ஆயா பிணைக்க உட்கார்ந்தால் எழுந்திருக்க இரவாகிவிடும். பிள்ளைகள் நாங்கள் சுற்றி உட்கார்ந்திருப்போம். கை இழை திரிக்கும், வாய் கதை திரிக்கும். கமண்டல நாகநதி மணலில் வாயில் நெருப்போடு ஓடும் கொள்ளிவாய்ப் பிசாசு, புளியமரத்தில் உட்கார்ந்து சுண்ணாம்பு கேட்கும் மோகினி எல்லாம் அங்கே வரும். கொள்ளிவாய்ப் பிசாசு என்பது சதுப்பு நிலத்தில் உண்டாகும் வாயு எரிவது என்று பின்னாளில் நானே வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் அந்த வயதில், கதை முடிந்த பிறகு தறிக்குழியை எட்டிப் பார்க்கிற தைரியம் எங்களில் ஒருவனுக்கும் இருந்ததில்லை. குழியின் இருட்டிலிருந்து ஒரு கை வந்து காலைப் பிடிக்கும் என்று நம்பினோம்.

அப்புறம் அம்புலிமாமா. 1947 ஜூலையில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் சென்னையிலிருந்து தமிழிலும் தெலுங்கிலும் தொடங்கிய பத்திரிகை. எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் வாங்குவார்கள். அது கை மாறி எங்களிடம் வரும்போது அட்டை இருக்காது. அட்டை போனால் போகட்டும், வேதாளக் கதை இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்போம். ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படத்தை மறக்க முடியுமா? கையில் வாளோடு விக்கிரமாதித்தன், தோளில் பிணம், சுற்றிலும் மயானம். சங்கர் 1924ல் பிறந்து 2020ல் மறைந்தார். 2021ல், அவர் மறைவுக்குப் பிறகு, பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அவர் வரைந்த மயானத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் பாட்டன் பாட்டி ஆகிவிட்டோம். யாரும் கெட்டுப்போனதாகத் தெரியவில்லை.

இன்று யோசித்துப் பார்த்தால் அந்த வேதாளக் கதை எவ்வளவு பயங்கரமானது! ஓர் ஆள் நள்ளிரவில் தனியாகச் சுடுகாட்டுக்குப் போகிறான். மரத்தில் தொங்கும் பிணத்தை வெட்டி இறக்கித் தோளில் போட்டுக்கொள்கிறான். அந்தப் பிணம் பேசுகிறது. பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் என்று மிரட்டுகிறது. இதை நம் பெரியவர்கள் வண்ணப் படம் போட்டுப் பத்து வயதுப் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். ஏன் கொடுத்தார்கள்?

வேதாளம் வெறுமனே பயமுறுத்துவதில்லை. ஒரு கதையைச் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு நியாயத்தைக் கேட்கிறது. மூன்று பேரில் யார் செய்தது பெரிய தியாகம்? யார் மீது குற்றம்? யாருக்கு அந்தப் பரிசு சேர வேண்டும்? ராஜா பதில் சொல்வதற்கு முன்னால் நாங்கள் பக்கத்தை விரலால் மறைத்துக்கொண்டு சண்டை போடுவோம். ஒருவன் இவன்தான் என்பான், இன்னொருவன் அவன்தான் என்பான். பயத்தில் நிமிர்ந்து உட்கார்ந்த பிள்ளை அந்த நிமிர்ச்சியிலேயே நியாயத்தை யோசிக்கிறது. பாடப்புத்தகத்தில் நீதிபோதனை வகுப்பு நடத்திய நான் சொல்கிறேன், என் வகுப்பில் ஒரு நாளும் அந்த அளவுக்கு விவாதம் நடந்ததில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. மூலக்கதை நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்திலேயே இந்த வேதாளக் கதைகள் இருக்கின்றன. பிணத்தைக் கொண்டுவரச் சொன்னவன் ஒரு சந்நியாசி. பார்த்தால் சாது. தினமும் அரசனுக்குப் பழம் கொண்டுவந்து கொடுத்தவன். ஆனால் அரசனையே பலி கொடுக்கத் திட்டம் போட்டிருந்தான். அதைக் கடைசியில் எச்சரித்துச் சொல்லி அரசனைக் காப்பாற்றுவது யார்? வேதாளம்! பயங்கரமாக இருப்பதெல்லாம் கெட்டதில்லை, பழம் கொண்டுவந்து நீட்டுகிறவன் எல்லாம் நல்லவனில்லை. ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பயனுள்ள எச்சரிக்கை என்ன இருக்கிறது? இந்தக் காலத்துக்கு இன்னும் அதிகமாகவே பொருந்துகிறது.

நம் தமிழ்நாட்டுப் பேய்களும் இப்படித்தான். திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் பழையனூர் இருக்கிறது. பழையனூர் நீலி கதையைக் கேட்காத பெரியவர்கள் இங்கே குறைவு. கணவனால் கொல்லப்பட்ட பெண் பேயாக வந்து பழி தீர்க்கிறாள். கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, 'இவன் என் புருஷன்' என்று ஊர்ப் பஞ்சாயத்தில் வழக்காடுகிறாள். 'உன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு' என்று அவனிடம் வாக்குக் கொடுத்த எழுபது வேளாளர்கள், அவன் இறந்ததும் வாக்கைக் காப்பாற்றத் தீயில் இறங்கினார்கள் என்பது கதை. இதில் பேய் எவ்வளவு, நியாயம் எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். அதே திருவாலங்காட்டில்தான் காரைக்கால் அம்மையார் தாமே பேயுருவம் வேண்டிப் பெற்று இறைவனைப் பாடினார். கலிங்கத்துப்பரணியில் பேய்கள் கூழ் சமைத்துச் சாப்பிடும் பகுதியைத் தமிழ் வகுப்பில் சிரித்துச் சிரித்துப் படித்திருக்கிறோம். நம் மொழிக்குப் பேய் அந்நியமே இல்லை. பேய்க்கதை என்பது இங்கிலீஷ்காரன் கொண்டுவந்த கெட்ட பழக்கம் என்று என் மகன் நினைத்ததுதான் எனக்கு வேடிக்கையாக இருந்தது.

அவர்களும் நம்மைப் போலத்தான். 1843ல் டிக்கன்ஸ் எழுதிய கிறிஸ்துமஸ் கதையில் ஆவிகள் வந்து ஒரு கருமியைத் திருத்துகின்றன. 1887ல் ஆஸ்கர் வைல்டு எழுதிய கேண்டர்வில் பேய்க்கதையில், எல்லோரும் கேலி செய்யும் ஒரு கிழட்டுப் பேயின் மீது ஒரு சிறு பெண்தான் இரக்கப்பட்டு அதற்கு அமைதி தேடித் தருகிறாள். வங்காளத்தில் உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி 1915ல் குழந்தைகளுக்காக கூபி, பாகா கதையை எழுதினார். அபஸ்வரமாகப் பாடியதற்காக ஊரை விட்டுத் துரத்தப்பட்ட பையனுக்குக் காட்டில் பேய்களின் ராஜா வரம் கொடுக்கிறார். பேரன் சத்யஜித் ராய் 1969ல் அதைப் படமாக எடுத்தார். அமெரிக்காவில் ஆர்.எல்.ஸ்டைன் 1992ல் தொடங்கிய கூஸ்பம்ப்ஸ் வரிசையை நம் ஊர்ப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். உலகம் முழுக்கப் பிள்ளைகள் பேயைத் தேடித்தான் போகிறார்கள்.

சரி, மறுபக்கத்தையும் பேச வேண்டும். என் மருமகள் சொன்னது பொய்யில்லை. பிள்ளை உண்மையாகவே மூன்று இரவு பயந்தாள். இன்னொரு நண்பர், பகுத்தறிவுக் கொள்கையில் ஊறியவர், என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். "பெரியார் பிறந்த மண்ணுல நின்னுக்கிட்டு, வாத்தியார் நீங்களே பேய் பிசாசுன்னு பேசறீங்களே! உடுக்கை அடிச்சு வேப்பிலையால பொம்பளைங்களை அடிக்கிறானுங்களே, அதுக்கு யாரு பதில் சொல்றது?" என்றார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. பேய் பிடித்தது என்று சொல்லி எத்தனை பெண்களின் தலைமயிரைப் பிடித்து ஆட்டியதை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு வேண்டியிருந்தது வைத்தியமோ, அல்லது கொஞ்சம் நிம்மதியோ. அது கொடுமை. அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஆனால் கதையில் வரும் பேயும் அந்தப் பேயும் ஒன்றில்லை. உடுக்கைக்காரன் 'இது நிஜம்' என்று சொல்கிறான். கதை எழுதுகிறவன் 'இது கதை' என்று அட்டையிலேயே சொல்லிவிடுகிறான். கதை என்றால் என்ன, நிஜம் என்றால் என்ன என்று பிரித்துப் பழகிய பிள்ளைதான் நாளைக்கு உடுக்கைக்காரனிடம் ஏமாறாது.

பெரியவர்கள் நாம் செய்கிற தப்பு வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டு வயதுக் குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது "சாப்பிடலைன்னா பூச்சாண்டி வந்து பிடிச்சிட்டுப் போயிடுவான்" என்கிறோமே, அதுதான் தப்பு. அந்தப் பூச்சாண்டிக்குத் தொடக்கமும் கிடையாது, முடிவும் கிடையாது. அவன் எங்கிருந்து வந்தான், அவனுக்கு என்ன வேண்டும், அவனை எப்படி வெல்வது, எதுவும் சொல்வதில்லை. அம்மாவும் பூச்சாண்டியும் ஒரே கட்சி என்று குழந்தை நினைத்துக்கொள்ளும். அது பயத்தைக் காட்டி வேலை வாங்குவது. புத்தகத்தில் வரும் பேய்க்கு ஒரு கடைசிப் பக்கம் உண்டு. பயம் அதிகமானால் பிள்ளையே புத்தகத்தை மூடி வைக்கலாம். பேய் எவ்வளவு உயரம், எவ்வளவு கறுப்பு என்பதைப் பிள்ளையின் மனசுதான் தீர்மானிக்கிறது. தன்னால் தாங்க முடிகிற அளவுக்குத்தான் அது வரைந்துகொள்ளும். டிவியில் வரும் பேய்க்கு அந்த மரியாதை தெரியாது. இரைச்சலோடு திடீரென்று முகத்துக்கு நேரே வந்து நிற்கும். புத்தகத்தைப் பரணில் வைத்துவிட்டு டிவியைப் போட்டுவிட்டதில் எனக்கு வருத்தம் இதுதான்.

கூட இருப்பது என்றேனே, அதற்கு என் நைனாதான் எனக்கு உதாரணம். எனக்கு ஒன்பது வயது இருக்கும். எங்கள் தெருவில் ஒரு நெசவாளி இறந்துபோனார். பாதிச் சேலை தறியிலேயே நின்றது. வீட்டுக்காரர்கள் காரியம் முடிந்து சொந்த ஊருக்குப் போய்விட, வீடு பூட்டிக் கிடந்தது. இரவில் அந்த வீட்டிலிருந்து தறிச் சத்தம் வருகிறது என்று பேச்சுக் கிளம்பியது. டக்... டக்... என்று நானே கேட்டேன். போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்த என்னை நைனா எழுப்பினார். அதட்டவில்லை. "பேயெல்லாம் ஒன்னும் கெடையாது, தூங்குடா" என்றும் சொல்லவில்லை. அரிக்கேன் விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, "வா, இன்னான்னு பாத்துட்டு வரலாம்" என்றார்.

என் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வீட்டுத் திண்ணையில் ஏறினார். ஜன்னல் ஒன்று சரியாக மூடாமல் இருந்தது. விளக்கைத் தூக்கிப் பிடித்தார். தறியில் தொங்கிய பலகை காற்றில் ஆடி, தூணில் மோதிக்கொண்டிருந்தது. அதுதான் சத்தம். எனக்கு மூச்சு வந்தது. ஆனால் நைனா உடனே கிளம்பவில்லை. பாதியில் நின்ற அந்தச் சேலையையே பார்த்துக்கொண்டு நின்றார். "பாவம், முடிக்காம பூட்டான்" என்று மட்டும் சொன்னார். இரண்டு நாள் கழித்து, தெருவில் நான்கு பேர் சேர்ந்து முறை போட்டு அந்தச் சேலையை நெய்து முடித்து, கூலியை அந்த அம்மாளுக்கு அனுப்பினார்கள். பேய் இல்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அந்தச் சத்தத்துக்குப் பின்னால் ஒரு மனுஷர் இருந்தார் என்பதையும் தெரிந்துகொண்டேன். நல்ல பேய்க்கதை செய்ய வேண்டியதும் இந்த இரண்டையும்தான்.

இப்படிப்பட்ட அப்பாவிடம் வளர்ந்தவன் நான் என்ன செய்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அப்போது நம் ஊர் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. பக்கத்து ஊர் ஒன்றில் நடுநிலைப் பள்ளியில் நான் தமிழாசிரியர். ஏழாம் வகுப்பில் ஒரு பையன், கடைசி பெஞ்ச். கணக்கு வராது. கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும். ஒரு நாள் இலக்கணம் நடத்திக்கொண்டிருக்கும்போது அவனைச் சுற்றி நான்கைந்து தலைகள் ஒன்றாகக் குனிந்திருந்தன. போய்ப் பார்த்தால் நாற்பது பக்க நோட்டில் கதை எழுதி வைத்திருக்கிறான். தலைப்பு 'தறிப் பேய்'. பாதி நோட்டுக்கு மேல் எழுதியிருந்தான்.

நான் நின்றபடியே முதல் நான்கு பக்கம் படித்தேன். செத்துப்போன நெசவாளி ஒருவன் ராத்திரி ராத்திரி வந்து தறியில் உட்கார்கிறான். "படிக்கிற புள்ளைக்குப் பேய்க்கதை எதுக்குடா?" என்று கேட்டேன். அவன் தலை குனிந்து நின்றான். வகுப்பு முழுக்கப் பார்க்க அந்த நோட்டைக் கிழித்தேன். மற்றப் பிள்ளைகளுக்கு அது ஒரு பாடமாக இருக்கும் என்று அப்போது நினைத்தேன்.

அந்தப் பையனுக்கு முந்தின வருஷம்தான் அப்பா இறந்திருந்தார். அது எனக்குத் தெரியும். வருகைப் பதிவேட்டில் இருந்தது. ஆனால் கதையோடு சேர்த்து யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. அப்பா வாங்கியிருந்த முன்பணம் கழியவில்லை என்று, அரைப் பரீட்சைக்குப் பிறகு அவன் தறிக்குப் போய்விட்டான். அந்தக் காலத்தில் பட்டுத்தறியில் கரைக்கு நாடா தள்ள எத்தனை பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986ல் வந்தது. சட்டம் வந்த பிறகும் எத்தனையோ வருஷம் தறிக்குழிகளில் சின்னக் கால்கள் தொங்கிக்கொண்டுதான் இருந்தன.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் ஒருவர் வந்து வணக்கம் சொன்னார். நரை விழுந்திருந்தது. அவனேதான். சொந்தமாகத் தறி வைத்திருப்பதாகவும், மகள் காலேஜில் படிப்பதாகவும் சொன்னான். எனக்கு அந்த நோட்டு ஞாபகம் வந்துவிட்டது. அதை நானே எடுத்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. "அந்தக் கதையை நான் கிழிச்சிருக்கக் கூடாதுப்பா" என்றேன். அவன் சிரித்தான்.

"அது வுடுங்க சார். ஆனா நீங்க கடைசிப் பக்கம் படிக்கல சார். அதுல அந்தப் பேய் யாரையும் ஒன்னும் பண்ணாது. முன்பணத்துக்கு உண்டான சேலையெல்லாம் ராத்திரியிலே நெஞ்சு முடிச்சுட்டுப் பூடும். பையன் காலையில எழுந்து ஸ்கூலுக்குப் பூடுவான்."

இலையில் என்ன பரிமாறினார்கள் என்று எனக்கு இன்று வரை ஞாபகம் இல்லை.

பிள்ளை பேய்க்கதையைத் தேடிப் போனாலோ எழுதினாலோ, அது எதையோ சொல்ல வருகிறது. சாவு, கடன், தனிமை, வீட்டில் நடக்கும் சண்டை என்று பெரியவர்கள் அவர்கள் முன்னால் பேச மறுக்கிற விஷயங்கள் எவ்வளவோ இருக்கின்றன. பேயின் மேல் ஏற்றித்தான் பிள்ளைகளால் அவற்றைப் பேச முடிகிறது. அன்றைக்கு ஒரு பத்து நிமிஷம் செலவழித்து நான் கடைசிப் பக்கம் வரைக்கும் படித்திருந்தால், அவனுடைய வீட்டுக்குப் போய்ப் பேசியிருப்பேன். அவன் படிப்பு நின்றிருக்காது என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு வாத்தியாராவது கேட்டார் என்று அவனுக்கு இருந்திருக்கும்.

பிள்ளைகளுக்கு வாங்கும் பேய்க்கதை எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால், என் அனுபவத்தில் நாலு விஷயம் பார்ப்பேன். முதலாவது, பேய்க்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். சும்மா கழுத்தைக் கடிக்கிற பேய் உபயோகமில்லை. இரண்டாவது, கதையில் வரும் பிள்ளைகளே தைரியத்தாலும் புத்தியாலும் சிக்கலை அவிழ்க்க வேண்டும். மந்திரவாதி வந்து தாயத்துக் கட்டித் தீர்க்கக் கூடாது. மூன்றாவது, ரத்தத்தையும் கொடூரத்தையும் வர்ணித்துக்கொண்டு போகக் கூடாது. நாம் இளவட்டமாக இருந்தபோது பி.டி.சாமியின் பேய் நாவல்களைப் பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கி ஒளித்துப் படித்தோமே, அவை பெரியவர்களுக்கு எழுதியவை. பத்து வயதுக்கு வேறு அளவு வேண்டும். நாலாவது, முடிவில் விடிய வேண்டும். கஷ்டப்பட்டாவது, கதையில் பொழுது விடிய வேண்டும்.

இப்படிப்பட்ட புத்தகங்கள் தமிழில் இன்னும் நிறைய வர வேண்டும். அம்புலிமாமா நின்றுபோன பிறகு அந்த முருங்கை மரம் காலியாகத்தான் கிடக்கிறது. சிறுவர் இலக்கியத்துக்கு ஆள் இல்லாமல் இல்லை. நம் பக்கத்து வந்தவாசியில் இருக்கும் மு.முருகேஷ் 'அம்மாவுக்கு மகள் சொன்ன உலகின் முதல் கதை' நூலுக்காக 2021ல் சாகித்திய அகாடமியின் பால புரஸ்கார் விருது வாங்கினார். 2023ல் 'ஆதனின் பொம்மை'க்காக உதயசங்கர் வாங்கினார். எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பேய்க்கும் ஓர் இடம் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். நம் ஊரில் இல்லாத களமா? பூசிமலைக்குப்பம் காட்டுக்குள் இடிந்து நிற்கும் ஜாகிர்தார் மாளிகை ஒன்று போதாதா? கோட்டைக்குள் கர்னல் கெல்லியின் நினைவாக நிற்கும் அந்த உயரமான தூண் போதாதா? எல்லாவற்றுக்கும் மேல், பூட்டிய வீட்டுக்குள் கேட்ட அந்தத் தறிச் சத்தம். இன்று தெருத்தெருவாகத் தறிகள் குறைந்துகொண்டே வருகின்றன. நம் பேரப்பிள்ளைகளுக்கு அந்தச் சத்தமே ஒரு பழைய ஆவி மாதிரிதான்.

பேத்தி விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாம் நாள் மகனையும் மருமகளையும் உட்கார வைத்து, நான் அந்தப் புத்தகத்தைப் படித்ததைச் சொன்னேன். கதையையும் சொன்னேன். மகன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். மருமகள்தான், "அந்தப் பொண்ணு கடைசில என்ன ஆனா மாமா?" என்று கேட்டாள். அதன் பிறகு ஓர் ஒப்பந்தம் போட்டோம். பகலில் மட்டும் படிப்பது, இரவில் யாராவது ஒருவர் கூடப் படுப்பது, பயந்தால் வெட்கப்படாமல் சொல்வது. புத்தகம் பரணிலிருந்து முறைப்படி இறங்கியது. மிச்சத்தை அவள் படித்து முடித்தாள். முடித்த அன்று மாலை என்னிடம் வந்து, "தாத்தா, அந்தப் பொண்ணு கெட்ட பேய் இல்ல. அவகிட்ட யாருமே பேசல, அதான்" என்றாள்.

அதற்கு அடுத்த நாளும் பாத்ரூமுக்கு அம்மாவைக் கூப்பிட்டாள். அதையும் சொல்லிவிட வேண்டும். பயம் ஒரே நாளில் போய்விடாது. போக வேண்டும் என்ற அவசரமும் இல்லை. ஊருக்குப் புறப்படும் முன்பு நைனா விளக்கோடு போன கதையை அவளுக்குச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்த வீடு இன்னும் இருக்கா?" என்றாள். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். இப்போது அங்கே மாடி வீடு, கீழே செல்போன் கடை. கொஞ்சம் ஏமாந்துதான் போனாள்.

உங்கள் தெருவிலும் ஒரு புளியமரமோ, பாழடைந்த கிணறோ, பூட்டிய வீடோ இருந்திருக்கும். அதன் கதை உங்களோடு போய்விட வேண்டாம். இந்த விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வந்தால் டிவியை அணைத்துவிட்டுச் சொல்லுங்கள். அவர்கள் சொல்ல வருகிற கதையையும் கடைசி வரைக்கும் கேளுங்கள்.

அடுத்த பதிவில் ஆரணி கோட்டையைப் பற்றிப் பேசலாம்.